சாலையோர வியாபார அட்டை, ஸ்வநிதி கடன், விற்பனை மண்டலம்: சாலையோர வியாபாரிகளுக்கான மூன்று சேவைகள் எப்படி இருக்கின்றன?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டு நகரங்களில் தரைக்கடை, தள்ளுவண்டி, நடைபாதைக் கடை நடத்துகிறவர்களுக்கு அரசு மூன்று சேவைகளைத் தருவதாகச் சொல்கிறது: அடையாள அட்டையோடு விற்பனைச் சான்றிதழ், மத்திய அரசின் பிஎம் ஸ்வநிதி திட்டக் கடன், வியாபாரத்துக்கென்று அறிவிக்கப்பட்ட இடம். கடனுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். அட்டைக்கு இரண்டரை. இடத்துக்கு ஒன்று. வியாபாரிக்கு முதலில் வேண்டியதோ இடம்தான். அது உறுதியாகாமல் கடன் வாங்கிச் சரக்குப் போட்டவரின் தட்டும் தராசும் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரியில் ஏறிவிட்டால், கையில் மிஞ்சுவது மாதத் தவணை மட்டும்.

புதிதாக விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கும், அட்டை கையில் இருந்தும் அதை வைத்து என்ன கேட்கலாம் என்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

எவ்வளவு காலமாக இழுக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நடைபாதையில் விற்பதும் அரசமைப்பு தரும் தொழில் உரிமைக்குள் வரும், அதை ஒழுங்குபடுத்தலாமே தவிர அடியோடு மறுக்கக்கூடாது என்று சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1989இல். முதல் தேசியக் கொள்கை 2004இல் வந்தது, 2009இல் திருத்தினார்கள். சட்டம் வருகிறவரை அந்தக் கொள்கையையாவது நடைமுறைப்படுத்துங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் ஆறு மாதத்தில் திட்டத்தையும் ஓராண்டுக்குள் விதிகளையும் வகுக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாடு 2015இல் இரண்டையும் வெளியிட்டது. காகிதத்தைப் பொறுத்தவரை நம் மாநிலம் பெரிதாகப் பின்தங்கவில்லை. தாமதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சட்டம் நல்ல சட்டம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சான்றிதழ் இல்லாமலோ நிபந்தனையை மீறியோ விற்றால் வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை அபராதம். வியாபாரிகளைக் கணக்கெடுக்காத, நகர விற்பனைக் குழு அமைக்காத, விற்பனை மண்டலம் அறிவிக்காத உள்ளாட்சிக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. கீழே நாங்கள் சொல்லும் பெரும்பாலான கோளாறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கணக்கெடுப்பும் அட்டையும்

எல்லாம் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது உள்ளாட்சி தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். பட்டியலில் இருக்கும், 14 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்று மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

கணக்கெடுக்க வருபவர் கைப்பேசிச் செயலியில் உங்கள் பெயர், ஆதார் எண், தொழில், இடம் எல்லாவற்றையும் பதிந்து, கடையோடு சேர்த்துப் படம் எடுப்பார். சில நிமிட வேலைதான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் எழுதப்படுவதுதான் அடுத்த ஐந்து ஆண்டுக்கு உங்கள் தலைவிதி. ஆகவே பக்கத்தில் நின்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.

முதலில் வகை. நிலையாக ஓரிடத்தில் விற்பவர், நகர்ந்து விற்பவர் என்று பிரித்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். வண்டியில் சக்கரம் இருக்கிறதே என்று பார்த்தவுடன் பலரை ‘நகரும் வியாபாரி’ என்று எழுதிவிடுகிறார்கள். தினமும் ஒரே மரத்தடியில் பத்து மணி நேரம் நிற்கும் பழவண்டிக்காரர் நகரும் வியாபாரி ஆகிவிட்டால், நாளைக்கு ‘உன் அட்டையிலேயே நகர்ந்து விற்க வேண்டும் என்றுதானே இருக்கிறது’ என்று சொல்லிக் கிளப்பிவிட முடியும். ஒரே இடத்தில் நிற்பவர்கள் ‘நிலையான வியாபாரி’ என்றே எழுதச் சொல்ல வேண்டும்.

அடுத்தது இடம். ‘பேருந்து நிலையம் அருகில்’ என்று எழுதினால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தெருப் பெயர், எந்தப் பக்கம், எந்தக் கட்டடத்துக்கு எதிரில், பக்கத்து மின்கம்பத்தின் எண் இவ்வளவும் பதிவாக வேண்டும். மின்கம்ப எண்ணைச் சொல்லச் சொல்வது சிறிய விஷயமாகத் தெரியலாம். கடைப் பெயர்ப்பலகை மாறும், மரத்தை வெட்டுவார்கள், கம்ப எண் மட்டும் சீக்கிரத்தில் மாறாது.

மூன்றாவது, யார் பெயரில். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கடைதான் அதிகம். சான்றிதழ் ஒருவர் பெயரில்தான் வரும். குடும்பத்தினர் யாரும் அதை வைத்து விற்கலாம். சான்றிதழ்காரர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, காலம் முடியும்வரை வாழ்க்கைத் துணையோ அவரைச் சார்ந்த பிள்ளையோ தொடரலாம். கடன் வாங்கப் போவது யார், யாருடைய ஆதாரில் கைப்பேசி எண் சரியாக இருக்கிறது என்பதைப் பார்த்துப் பெயரை முடிவு செய்யுங்கள். அட்டையை வாடகைக்கு விடவோ கைமாற்றவோ கூடாது. வேறு பிழைப்பு இல்லை என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும்.

கணக்கெடுப்பு எங்கே பிசகுகிறது? பெரும்பாலும் நேரத்தில். பகல் பதினோரு மணிக்கு வருபவரின் கண்ணில் அதிகாலைக் கீரைக்காரர் படமாட்டார், மாலை ஐந்து மணிக்கு மேல் அடுப்பு மூட்டும் போண்டா கடைக்காரரும் படமாட்டார். வாரச்சந்தை வியாபாரிகள் நிலை இன்னும் மோசம். வியாழக்கிழமை ஓர் ஊர், சனிக்கிழமை வேறோர் ஊர் என்று சுற்றுபவரை எந்த ஊரும் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. இரவுக் கடைகள் இருக்கும் பகுதிக்கு ஒருமுறை மாலை ஏழு மணிக்குப் போனாலே பட்டியல் வெகுவாகச் சரியாகிவிடும். இதற்குப் புதிதாக நிதி எதுவும் வேண்டாம். அதைச் செய்யாமல் விடுவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

பட்டியலில் விடுபட்டவர்கள் அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கணக்கெடுப்புக்கு இடையிலும் அதிகாரிகளும் வியாபாரிகளும் சேர்ந்த நகர விற்பனைக் குழு சான்றிதழ் தரலாம் என்று நான்காம் பிரிவிலேயே இருக்கிறது. எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்கு முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை நாளாக அங்கே வியாபாரம் செய்கிறீர்கள் என்பதற்கு மிக நல்ல ஆதாரம், கடைக் கட்டணம் வசூலிக்கும் குத்தகைதாரர் தினமும் கிழித்துக் கொடுக்கும் சுங்கச் சீட்டு. தூக்கி எறியாமல் மாதத்துக்கு நாலைந்து சீட்டையாவது தேதியோடு எடுத்து வையுங்கள். மறுத்தால் உள்ளாட்சியிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் தள்ளுபடி செய்ய முடியாது.

ரயில்வே நிலத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ரயில்வேக்குச் சொந்தமான இடத்துக்கும் ரயில்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. நிலையத்துக்கு வெளியே இருக்கும் சாலை மாநகராட்சியுடையதா ரயில்வேயுடையதா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வநிதி கடன்: மூன்றில் உருப்படியாக நடப்பது இதுதான்

2020 ஜூன் 1இல் கொரோனா ஊரடங்கின்போது தொடங்கிய திட்டம். அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், இரண்டாவது 20,000, மூன்றாவது 50,000. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை மாற்றியமைத்த பிறகு முதல் கடன் 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது பழையபடி 50,000. திட்டம் 2030 மார்ச் 31 வரை நீள்கிறது. பிணை எதுவும் கொடுக்க வேண்டாம். ஒழுங்காகக் கட்டினால் 7 விழுக்காடு வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வரும். முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது.

இதன் அருமை தண்டலோடு ஒப்பிட்டால்தான் புரியும். தெருவில் நடக்கும் கணக்கு இது: பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘நூறு நாளைக்கு ஆயிரத்தைந்நூறுதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது. முழுப் பணமும் நூறு நாள் உங்கள் கையில் இருப்பதில்லை. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.33 விழுக்காடு, ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வட்டி.

அதே வியாபாரி ஒரு பொதுத்துறை வங்கியில் 15,000 ரூபாயை 12 விழுக்காட்டுக்கு ஓராண்டுத் தவணையில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 1,333 ரூபாய். ஆண்டு முழுதும் மொத்த வட்டி ஆயிரத்துக்குள். அதிலும் 7 விழுக்காட்டுப் பங்கு மானியமாகத் திரும்பிவிட்டால், உண்மையில் கைவிட்டுப் போவது நானூற்றுச் சொச்சம் ரூபாய்தான். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். நுண்கடன் நிறுவனங்கள் வழியாகப் போனால் கூடுதலாகவே இருக்கும். ஆகவே விண்ணப்பத்தில் கடன் தருபவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்களுக்குக் கணக்கு இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளையையே குறியுங்கள். அலைச்சலும் குறையும்.

விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போடலாம், இ-சேவை மையத்தில் போடலாம், நகராட்சியில் சமுதாய அமைப்பாளரிடமும் போடலாம். கடைசி வழிதான் நல்லது. காரணம், பட்டியலில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று அவர்தான் அங்கேயே பார்த்துச் சொல்ல முடியும். திட்டத்தில் நான்கு பிரிவுகள் உண்டு. அட்டையோ சான்றிதழோ உள்ளவர்கள் முதல் பிரிவு. கணக்கெடுப்பில் பெயர் இருந்தும் அட்டை வராதவர்கள் இரண்டாவது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் மூன்றாவது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து நகரத்தில் விற்பவர்கள் நான்காவது. முதல் பிரிவுக்குச் சிக்கல் இல்லை. இரண்டாம் பிரிவுக்குத் தற்காலிகச் சான்று தருவார்கள். கடைசி இரண்டு பிரிவுக்கும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதற்குச் சங்க உறுப்பினர் அட்டை, பழைய கடன் ரசீது போன்றவற்றை ஆதாரமாகக் காட்டலாம். மேலே சொன்ன சுங்கச் சீட்டு இங்கும் உதவும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணம் இனிஷியல். ஆதாரில் ‘செ. லட்சுமி’, வங்கிப் புத்தகத்தில் ‘லட்சுமி மு.’ என்று இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஆவணத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் எடுத்ததில் கணவர் பெயரின் முதலெழுத்து. கணினிக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குப் போய் ஆதாரில் உள்ளபடி பெயரை மாற்றச் சொல்லிவிடுங்கள். அடுத்த காரணம், ஆதாரில் இருக்கும் கைப்பேசி எண் செத்துப்போன எண்ணாக இருப்பது. ஒருமுறைக் கடவுச்சொல் வராமல் ஒரு படியும் நகராது. மூன்றாவது, சுயஉதவிக் குழுக் கடனில் மற்றவர் வைத்த நிலுவை உங்கள் பெயரில் காட்டுவது. இதை வங்கி மேலாளரிடம் குழுவின் தீர்மான நகலோடு போய்ப் பேசினால்தான் தீரும். இணையத்தில் எத்தனை முறை போட்டாலும் அதே பதில்தான் வரும்.

மின்னணுப் பணத்துக்குத் திரும்பத் தரும் தொகையும் உண்டு. புதிய திட்டத்தில் மொத்தம் 1,600 ரூபாய் வரை. கடன் கணக்கோடு இணைத்த கியூஆர் அட்டையில் பணம் வந்தால்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வண்டியில் மகனுடைய கியூஆர் ஒட்டியிருந்தால் ஒரு பைசாவும் வராது.

இரண்டாவது கடனையும் ஒழுங்காக அடைத்தவர்களுக்கு யுபிஐ இணைந்த ரூபே கடன் அட்டை தருவதாகப் புதிய திட்டம் சொல்கிறது. விடிகாலையில் மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுப்பவருக்குத் தண்டல்காரரைத் தேடாமல் இருக்க இது நல்ல வழி. கெடுத் தேதிக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இத்தனை சொல்லியும் ஏன் மூன்றரை மதிப்பெண்? கடன் வழங்கும் காலம் 2024 டிசம்பர் 31இல் முடிந்துபோனது. அதை நீட்டிக்கும் ஒப்புதல் வந்தது 2025 ஆகஸ்ட் 27இல். நடுவில் எட்டு மாத இடைவெளி. முதல் கடனை ஒழுங்காக அடைத்து இரண்டாவதை நம்பியிருந்தவர்களுக்கு அந்த எட்டு மாதத்தில் பொங்கல், சித்திரை, பள்ளி திறப்பு என்று சரக்குப் போட வேண்டிய மூன்று பருவமும் போய்விட்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த திட்டத்தை முடிவுத் தேதி வருவதற்கு முன்பே நீட்டித்திருக்கலாம். முடிவுத் தேதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இடம்: சட்டம் எல்லாம் சொல்லியும் நடக்காதது

இனி முக்கியமான பகுதி. சட்டப்படி ஒவ்வோர் ஊரையும் தடையற்ற விற்பனை மண்டலம், கட்டுப்பாடுள்ள மண்டலம், விற்பனை தடை செய்யப்பட்ட மண்டலம் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற வரம்புக்குள் எல்லா வியாபாரிகளையும் இந்த மண்டலங்களில் அமர்த்த வேண்டும். ஒரு லட்சம் பேர் வாழும் நகராட்சி என்றால் 2,500 பேர் வரை. பெரும்பாலான ஊர்களில் இந்த வரம்பு தாராளமாகவே போதும். இடமே இல்லை என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடை மண்டலத்தை அதிகாரிகள் நினைத்த மாத்திரத்தில் அறிவிக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது: கணக்கெடுப்பு முடிந்து விற்பனைத் திட்டம் தயாராகும்வரை எந்த இடத்தையும் தடை மண்டலம் ஆக்கக்கூடாது. ஏற்கெனவே கூடிவரும் இயல்பான சந்தையைத் தடை மண்டலம் ஆக்கவே கூடாது. குப்பை சேர்கிறது என்பதைக் காரணம் காட்ட வேண்டுமானால், அந்தக் குப்பை முழுக்க வியாபாரிகளால்தான் என்றும் உள்ளாட்சி நடவடிக்கையால் தீர்க்க முடியாதது என்றும் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக்கூடாது என்றும் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. கோயில் தேரடிகளையும் பழைய கடைவீதிகளையும் நினைத்துப் பாருங்கள். நம் ஊர்களில் இந்தத் தகுதி உள்ள இடங்கள் ஏராளம்.

இதையெல்லாம் பரிந்துரைக்க வேண்டியது நகர விற்பனைக் குழு. ஆணையர் அல்லது செயல் அலுவலர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகள், அதுவும் தேர்தலில் வென்று வந்தவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் குழு என்றால் 6 வியாபாரிகள், அதில் 2 பெண்கள். தேர்தல் நடத்தாமல் ‘தற்காலிகக் குழு’ என்று காலம் தள்ளும் உள்ளாட்சிகளில் இந்த ஆறு பேர் அதிகாரிகள் கைகாட்டியவர்களாக இருப்பார்கள். தேர்தல் நடந்த ஊர்களிலும் கூட்டம் கூடுவது அபூர்வம், கூடினாலும் தீர்மானம் மன்றத்துக்குப் போவது அதைவிட அபூர்வம். காரணம் எளிது. மண்டலம் அறிவித்தால் அந்தத் தெருக் கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், போக்குவரத்துக் காவல்துறை ஆட்சேபிக்கும். அறிவிக்காமல் விட்டால் கேட்பவர் யாரும் இல்லை.

இடம் அறிவித்த பிறகும் கட்டுமானத்துக்குப் பணம் வேண்டும். நாற்பது கடைகள் வரும் ஒரு மண்டலத்துக்கு என்னென்ன வேண்டும்? வடிகால் பக்கம் சாய்வாகத் தளம், வடிகாலுக்கு மூடி, இரண்டு மூன்று விளக்குக் கம்பம், குடிநீர்க் குழாய், கழிப்பறை, மின் இணைப்பு, குப்பைத் தொட்டி. பெரிய வேலை இல்லை. குழுவின் பரிந்துரை, மன்றத் தீர்மானம், மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று வரிசையாகப் போக வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்கு விதிப்படி தர வேண்டிய அவகாசம் இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்கு 15 நாள்தான். ஆகவே டெண்டரால் தாமதம் என்ற பதிலை ஏற்காதீர்கள். காலம் போவது முதல் இரண்டு படிகளுக்கு நடுவில். அதிலும் அடிக்கடி காரணமாவது நிலம்: பேருந்து நிலையத்தை ஒட்டிய பல சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அந்தத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் நகராட்சி மதிப்பீடே போட முடியாது. யாருடைய சாலை என்று முதல் கூட்டத்திலேயே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிதி எங்கிருந்து வரும்? உள்ளாட்சியின் பொது நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு தரும் நமக்கு நாமே திட்டம் ஆகியவை நடைமுறை வழிகள். கடைசி வழியில் சங்கமே பங்குத் தொகையைத் திரட்டிக் கட்டினால் பணி வரிசையில் முன்னால் வரும் வாய்ப்பு அதிகம். பிழைப்புக்கே திண்டாடுபவர்களிடம் பங்குப் பணம் கேட்பது நியாயமா என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு. பல ஆண்டு வெயிலில் நிற்பதைவிட இது மேல் என்று நினைக்கும் சங்கங்களுக்காகச் சொல்கிறோம்.

கட்டிய இடங்கள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? மாடி கட்டுவதால். பூவும் கீரையும் வடையும் வாங்குபவர் நடந்துபோகிற போக்கில் வாங்குபவர். அதற்காக யாரும் படியேற மாட்டார்கள். மேல்தளம் ஒதுக்கப்பட்டவர் சில வாரம் ஈயோட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புவார். அவரை ‘இடம் கொடுத்தும் ஆக்கிரமிப்பவர்’ என்று எழுதிவிடுவார்கள். தரைத்தளம் மட்டும், பேருந்து நிறுத்தத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், சாலையின் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் வியாபாரம் ஓடும். நடைபாதையிலேயே அமர்த்துவதற்கும் அளவு இருக்கிறது: இந்திய சாலைப் பேராயத்தின் விதிமுறைப்படி நடப்பவர்களுக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும், கூட்டமான கடைவீதியில் இன்னும் அதிகம். மூன்று மீட்டர் நடைபாதை என்றால் கடைக்கு அதிகபட்சம் 1.2 மீட்டர், அதாவது நாலடி. ஒரு சாக்குக் கட்டியால் நாலடியில் கோடு போட்டுவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

பராமரிப்புதான் கடைசிச் சறுக்கல். நாற்பது கடை, தினம் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 24,000 ரூபாய் வசூலாகும். விளக்குக் கட்டணத்துக்கும் கழிப்பறை சுத்தத்துக்கும் இது உதவும். ஆனால் தனிக் கணக்குத் தலைப்பு இல்லாமல் அது பொது வருவாயில் கலந்துவிடும். பல்பு மாற்றக்கூட நிதி இல்லை என்ற பதில் வரும். மண்டலம் திறக்கும்போதே தனிக் கணக்கு வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட வையுங்கள்.

அகற்ற வந்தால்

30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் காலி செய்யாவிட்டால்தான் அகற்றலாம். நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதமும் போடலாம். சரக்கை எடுத்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்திட்ட நகலை உங்களிடம் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். தக்காளி, பூ, மீன் போன்ற அழுகும் பொருளை நீங்கள் கேட்ட அதே நாளில் திருப்பித் தர வேண்டும். தராசு, பாத்திரம், துணி போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். பட்டியல் இல்லையென்றால் நான்கு தட்டில் இரண்டுதான் திரும்பி வரும், நிரூபிக்க வழியே இருக்காது. எடுக்கும்போது அலைபேசியில் படம் பிடித்துவையுங்கள். குறைகளைக் கேட்க உரிமையியல் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள வழி தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் மண்டலம் அறிவிக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தரமாட்டார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நகர விற்பனைக் குழுவின் கடைசிக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல், கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் தெரு உள்ள பக்கம், விற்பனைத் திட்ட வரைபடம், சான்றிதழ் எத்தனை நாளில் தரப்படும் என்று குழு வெளியிட வேண்டிய வியாபாரிகள் சாசனம், குறைதீர் குழு அமைத்த ஆணை. இந்த ஐந்தில் எது இல்லை என்று பதில் வருகிறதோ, அந்தப் பதிலே நீதிமன்றத்தில் உங்கள் ஆவணம்.

இப்போதைக்கு எங்கள் பரிந்துரை இது: அட்டைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள், இடத்தின் விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கடன் வாங்குங்கள். முதல் 15,000ஐ வண்டி செய்யவோ பழைய கடன் அடைக்கவோ முழுதாகப் போடாதீர்கள். ஒரு வாரச் சரக்குக்குத் தேவையானதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் இரண்டு மாதத் தவணையை அந்த வங்கிக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். மழைக்காலத்திலோ அகற்றல் வந்தாலோ தவணை தவறாமல் இருந்தால்தான் வட்டி மானியமும் அடுத்த கடனும் வரும்.